ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு எதுக்கு? தோட்டத்துப் பெண்களும் எச்.ஐ.வி. தடுப்பும்

2019 டிசம்பரில் இலங்கைக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இல்லாமலாக்கிய நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அங்கீகாரம் கொடுத்தது. எங்கள் பிராந்தியத்தில் அதற்கு முன் அந்தப் பெயரை வாங்கியவை தாய்லாந்தும் மாலைதீவும்தான். சும்மா கிடைத்த பெயர் இல்லை. கர்ப்பிணி என்று பதிவான பெண்களிடம் நாடு முழுக்க இரத்தம் எடுத்து, சோதித்து, தொற்று இருந்தால் அப்பவே மருந்து தொடங்கி, குழந்தை பிறந்த பிறகும் விடாமல் பார்த்ததால் கிடைத்தது. இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களில் அந்தக் கணக்கில் சேர்ந்த அக்காமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்ன சோதனை என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. "கிளினிக்ல ரத்தம் எடுத்தாங்க" என்பார்கள். அவ்வளவுதான்.

சரி, கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு? கட்டுநாயக்க கார்மெண்டில் வேலை செய்துவிட்டு தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் 20 வயதுப் பிள்ளைக்கு? இரண்டு பிள்ளையோடு ஆபரேஷன் முடிந்து, கொழும்பில் கடை வேலை செய்யும் கணவர் மாதம் ஒருமுறை வந்துபோகும் 35 வயது அம்மாவுக்கு? குவைத்தில் நாலு வருஷம் இருந்து, அங்கே நடந்ததை யாரிடமும் சொல்லாமல் திரும்பியவருக்கு? இவர்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இலங்கையில் எச்.ஐ.வி. குறைவு. வளர்ந்தோரில் 0.1 வீதத்துக்கும் கீழ். மலையகத்தில் பெரிய தொற்று பரவுகிறது என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் நாட்டில் புதிதாகக் கண்டறியப்படுவோர் எண்ணிக்கை அண்மைக் காலத்தில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 2022இல் அது 600ஐத் தாண்டியது. எங்கள் கேள்வி தொற்றின் அளவைப் பற்றியது அல்ல. தோட்டத்துப் பெண்ணுக்கு வைத்தியம் எந்த வழியாக வந்து சேர்ந்தது, அந்த வழி ஏன் இன்றும் அவளுடைய வயிற்றோடு நின்றுவிடுகிறது என்பதுதான். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கோப்பிக் காலத்தில் இந்த மலைக்கு வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊருக்குத் திரும்புகிறவர்கள். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழி நடை. காலராவிலும் அம்மையிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் எத்தனை பேர் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். தொகை எதுவானாலும், கண்டிப் பக்கத்துத் தெருவோரங்களில் பிணம் கிடப்பது காலனி அரசுக்கு வெட்கமாகவும் துரைமாருக்கு நட்டமாகவும் இருந்தது. 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, அரசு வைத்தியர்களை நியமித்து, செலவைத் தோட்டங்களிடமிருந்து வரியாக எடுப்பது என்பது ஏற்பாடு. துரைமார் அந்த வரிக்கு எதிராகப் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமல்ல. வேலைக்கு ஆள் உயிரோடு வேண்டும், அதற்குக் காசு மட்டும் கொடுக்கக் கூடாது. இந்த வாதம் எங்கள் வாசகர்களுக்குப் புதுசா என்ன?

கோப்பியைப் பூஞ்சணம் தின்ற பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று ஒன்று இல்லை. வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் குடும்பமாக ஆள் எடுப்பது பெருகியது, பெண்கள் பெருந்தொகையாக வந்தார்கள், லயத்தில் பிள்ளை பிறக்கத் தொடங்கியது. 1912இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது, பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் ஓய்வும் கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமைகளில் ஒன்றாக இருந்தது. பிறகு பிள்ளைக் காம்பரா, 1939இல் பிரசவ கால நன்மைச் சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. இவை எதையும் நாங்கள் சின்னதாக நினைக்கவில்லை. பல பாட்டிமார் உயிர் பிழைத்தது இவற்றால். ஆனால் கவனியுங்கள், சட்டத்தின் கண்ணில் அவள் நோயாளியாகத் தெரிவது பிரசவத்தின்போது மட்டும்தான். மற்ற நேரத்தில் அவள் பெரட்டுக் களத்தில் ஒரு 'பேர்'.

இதே காலத்தில் நடந்த இன்னொரு கதையும் இங்கே முக்கியம். 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் கொக்கிப்புழுவை ஒழிக்க எங்கள் தோட்டங்களுக்கு வந்தது. கொக்கிப்புழு மலத்தோடு மண்ணுக்குப் போய், வெறுங்காலால் மீண்டும் உடம்பில் ஏறுவது. தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி மருந்து கொடுத்தார்கள். புழு விழுந்தது. கொஞ்ச நாளில் மறுபடி ஏறியது. ஏனென்றால் மருந்து வாங்கிய ஆள் திரும்பிப் போனது கக்கூஸ் இல்லாத லயத்துக்கு, செருப்பில்லாத காலோடு. கக்கூஸ் கட்டுவது தோட்டத்தின் செலவு, அதற்குப் பெரும்பாலான துரைமார் ஒத்துவரவில்லை. சோம ஹேவா இந்தப் பிரசாரத்தைப் பற்றி எழுதிய நூல் இதை விவரமாகக் காட்டுகிறது. உடம்புக்கு மருந்து கொடுப்பார்கள், உடம்பு வாழும் இடத்தைத் தொட மாட்டார்கள். இந்தப் பழக்கம் அன்றோடு போகவில்லை.

1948இல் குடியுரிமை போனது. அதற்குப் பிறகு இந்த நாடு கட்டியெழுப்பிய இலவச சுகாதார சேவையைப் பற்றி எங்கள் பல்கலைக்கழக விரிவுரைகளில் பெருமையாகக் கேட்கிறோம். வருமானம் குறைந்த ஒரு நாடு தாய் சேய் மரணத்தை இவ்வளவு குறைத்தது உலகத்துக்கே உதாரணமாம். உண்மைதான். ஆனால் தோட்டம் அந்த உதாரணத்துக்கு வெளியே இருந்தது. கிராமத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரி, தோட்டத்துக்குத் தோட்டத்து மருந்துச்சாலை. அங்கே இருப்பவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற வைத்தியர் அல்ல. ஆனால் எங்களுக்கு அவர் 'டொக்டர் ஐயா'. அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்ட நிர்வாகம். உங்களுக்கு வேலைக்குப் போக முடியுமா முடியாதா என்று சொல்பவரும் அவர்தான். இப்படிப்பட்டவரிடம் போய் ஒரு பெண் தன் உடம்பின் இரகசியத்தைச் சொல்வாளா?

1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் நாட்டிலேயே அதிகமாகச் செத்தது தோட்டத்து ஜனம். தோட்டங்கள் அரசுடைமையானதும் அதே ஆண்டுகளில்தான். சுகாதார சேவை கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டத்துக்குள் வந்தது. அதன் முன்னணியில் வந்தது குடும்பக் கட்டுப்பாடு. அதிலும் ஒரே ஒரு முறை: ஆபரேஷன். 1980இல் அரசாங்கம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவருக்கு 100 ரூபா கொடுப்பதாக அறிவித்து, அதே ஆண்டிலேயே 500 ரூபாவாக உயர்த்தியது. அன்றைய தோட்டச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது பல வாரக் கூலி. பெண்ணுக்கு ஆணோடு சமமான நாட்கூலி கிடைத்ததே 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான். அதற்கு நாலு வருஷம் முன்னால் இந்த 500 ரூபா. கடையில் கடன், பிள்ளைக்குப் பால்மா, கையில் ஒன்றுமில்லை என்றிருப்பவளிடம் அந்தக் காசை நீட்டிவிட்டு, அவள் விரும்பித்தான் வந்தாள் என்று எழுதிக்கொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

தோட்டப் பெண்களுக்கு நடந்த கருத்தடை முறைகேடுகள் பற்றி சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த விஷயத்தில் கட்டாயம் படிக்க வேண்டியது. முழு விளக்கம் இல்லாமல், தோட்டத்து சுகாதார ஊழியர்களின் நெருக்குதலில் பெண்கள் எப்படி ஆபரேஷனுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று அந்தப் பெண்களின் வாய்ச்சொல்லில் இருந்தே அவர் காட்டுகிறார். தேசியக் குடித்தொகை சுகாதார மதிப்பாய்வுகளிலும் பெண் கருத்தடைச் சத்திரசிகிச்சையின் பங்கு நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டத்தில் வெகு அதிகம். ஒரு லயத்தில் நடந்து பார்த்தாலே போதும், மதிப்பாய்வு தேவையில்லை. "ஆபரேஷன் பண்ணியாச்சு" என்பது எங்கள் அம்மாமார் தங்கள் வயதைச் சொல்வது போலச் சொல்லும் ஒரு வாக்கியம்.

இதை இனத்தைக் குறைக்கும் சதி என்று மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். மேடைக்கு அது போதும். ஆனால் இதற்கு இன்னொரு விளைவு இருக்கிறது, அதைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. ஆபரேஷன் பிள்ளையைத் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. ஆணுறை இரண்டையும் தடுக்கும். முப்பது நாற்பது வருஷம் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணின் வயிற்றில் கத்தி வைப்பது என்று பழக்கியதில், ஆணுறை என்ற பொருள் லயத்துக் காம்பராவுக்குள் ஒரு நாளும் நுழையவில்லை. ஆண்களுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, தேவைப்படவில்லை. இன்று ஒரு அம்மா தன் கணவரிடம் ஆணுறை கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். "ஆபரேஷன் முடிஞ்சவளுக்கு இது எதுக்கு? என்னைச் சந்தேகப்படுறியா, இல்ல நீ எங்கயாச்சும் போனியா?" பத்தடிக்குப் பத்தடி காம்பராவில், பக்கத்துச் சுவருக்குக் கேட்கும் தூரத்தில், இரண்டு போத்தல் உள்ளே போன ஆளிடம் அவள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். யார் கேட்பார்கள்?

"கட்டுன புருஷன்தானே, அவளுக்கு என்ன ஆபத்து" என்று நினைப்பவர்களுக்கு ஒரு மதராஸ் கதை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் உறவில் பாதி கடல் தாண்டிப் போனது என்பதால் அந்த ஊர்க் கதை எங்களுக்கு அந்நியம் இல்லை. 1986இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சொலமன் தன் மாணவி நிர்மலாவிடம் எச்.ஐ.வி. இந்தியாவில் இருக்கிறதா என்று தேடச் சொன்னார். நிர்மலா, பொலிஸ் பிடித்து அரசு இல்லமொன்றில் அடைத்துவைத்திருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் இரத்தம் எடுத்தார். வேலூரில் சோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று தெரிந்தது. இந்தியாவின் முதல் கண்டுபிடிப்பு. எதற்காக இரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. 'கெட்ட பெண்களின் நோய்' என்ற முத்திரை அன்றே விழுந்தது. அதற்குப் பிறகு சுனிதி சொலமன் 1993இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. நிலையத்தைத் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்தார். அங்கே வந்த பெண்களில் பெரும்பாலோர் தங்கள் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். கல்யாணமே அவர்களுக்கு இருந்த ஒரே ஆபத்து. அப்படிக் கணவர் வழியாகத் தொற்று வந்த நாமக்கல் பெண்தான் கௌசல்யா. பெயரை மறைக்காமல் வெளியே வந்து, 1998இல் தொற்றுள்ள பெண்களுக்கென்றே ஒரு வலையமைப்பைத் தொடங்கினார்.

இலங்கையில் முத்திரை வேறு இடத்தில் விழுந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மருத்துவச் சோதனை கட்டாயம். அங்கே போனபின் தொற்று தெரிந்தால் நாடு கடத்துவார்கள். கட்டாயம் சோதிக்கப்படுபவர்களிடம்தான் தொற்று அதிகம் கண்ணில் படும் என்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் புரியும். ஆனால் ஊருக்குள் அது "வெளிநாடு போயிட்டு வந்தவ நோயோட வருவா" என்றாகிவிட்டது. அவள் இல்லாத நாலு வருஷத்தில் இங்கே இருந்த கணவர் எங்கே போனார் என்று யாரும் சோதிக்கவில்லை. திரும்பி வந்தவளுக்கு வேண்டியது ஒரு இரத்தச் சோதனை மட்டுமல்ல. பூட்டிய வீடு, பிடுங்கிய பாஸ்போர்ட், அடி, சில நேரம் அதற்கு மேலும். அதை உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்கள் மலையில் இருந்ததே இல்லை. மருத்துவச் சட்டம் வந்த அடுத்த வருஷமே, 1873இல், மனநோய் பற்றிய சட்டம் ஒன்றும் வந்தது. ஆளைப் பிடித்து, நீதவான் முன் நிறுத்தி, அடைப்பதற்கான சட்டம். திருத்தங்களோடு அதுதான் பல தலைமுறையாக நீடிக்கிறது. அங்கொடை என்ற ஊர்ப்பெயரே நமக்குக் கெட்ட வார்த்தையாகிப் போனது அப்படித்தான். கவலை, தூக்கமில்லாமை, அடி வாங்கியவளின் நடுக்கம், உயிரை விடலாம் என்ற நினைப்பு, இவற்றுக்கெல்லாம் தோட்டத்து மருந்துச்சாலையில் பெயர் கிடையாது; பனடோல் உண்டு. மிச்சத்துக்கு மந்திரித்துக் கயிறு கட்டுவது, சாமியாடியிடம் குறி கேட்பது. படித்த பிள்ளைகள் நாங்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் ஒரு பெண் சத்தமாக அழவும், தன் கணவரை ஊர் முன்னால் திட்டவும் அனுமதி இருந்த ஒரே இடம் அந்தச் சாமி இறங்கும் நேரம்தான். அதை மூடச் சொல்பவர்கள் பதிலுக்கு என்ன திறந்தார்கள்?

மனசையும் எச்.ஐ.வி.யையும் ஏன் ஒன்றாகப் பேசுகிறோம் என்று கேட்கலாம். இதற்கு அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் கதை எங்களுக்கு உதவியது. அங்கே பெண்களில் எட்டில் ஒருவர் அளவுதான் கறுப்பினத்தவர். ஆனால் பெண்களிடையே புதிதாகக் கண்டறியப்படும் எச்.ஐ.வி.யில் ஏறக்குறைய பாதி அவர்களிடம். அவர்களுக்கும் வைத்தியத்தோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் உள்ள கறுப்பின ஆண்களுக்கு மருந்து கொடுக்காமலே நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு வைத்தியர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அவர்கள் மனைவிமாருக்கும் தொற்றியது. அது முடிந்த மறுவருஷம் அதே மாநிலத்தில் ரெல்ஃப் சகோதரிகள் என்ற இரண்டு கறுப்பினச் சிறுமிகளுக்கு, 14 வயதும் 12 வயதும், அரசு நிதி பெற்ற நிலையமொன்றின் ஏற்பாட்டில் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய் தாளில் ஒரு குறி போட்டார். ஊசி போடத்தான் என்று நினைத்திருந்தார். தாளில் ஒரு குறி! எங்கள் பாட்டிமாரின் பெருவிரல் ரேகை ஞாபகம் வராமல் இருக்குமா?

இப்படிப்பட்ட மக்களிடம் போய் "ஆணுறை பாவியுங்கள்" என்று போஸ்டர் ஒட்டினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஜீனா விங்கூட், ரால்ப் டிக்ளமெண்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கறுப்பினப் பெண்களைச் சின்னக் குழுக்களாக உட்கார வைத்தார்கள். நடத்தியவரும் ஒரு கறுப்பினப் பெண். ஐந்து அமர்வுகள். பேச்சை நோயில் தொடங்கவில்லை. கறுப்பினப் பெண்ணாக இருப்பதில் என்ன பெருமை, யாரைப் பார்த்து வளர்ந்தாய் என்று தொடங்கி, வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது, கோபப்படும் ஆணிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்து, அதற்குப் பிறகுதான் ஆணுறைக்கு வந்தார்கள். 1995இல் வெளியான முடிவுகளில், அந்தக் குழுக்களில் இருந்த பெண்கள் மற்றவர்களைவிடத் தொடர்ச்சியாக ஆணுறை பாவிக்க வைத்திருந்தார்கள். சிஸ்டா என்ற பெயரில் அது பிறகு அந்த நாட்டின் பல ஊர்களுக்குப் போனது.

நம்ம ஊரில் இதற்கு ஆள் இல்லையா? மாதர் சங்கம் இருக்கிறது, மரண உதவிச் சங்கம் இருக்கிறது, சீட்டுக் குழு இருக்கிறது, கொழுந்து மலையில் ஒரே நிரையில் நிற்கும் தோழிமார் இருக்கிறார்கள். தமிழ் பேசும் குடும்ப நல மாதர் போதாது என்று வருஷக்கணக்கில் கேட்டுவருகிறோம். படித்துவிட்டு வேலை தேடும் தங்கச்சிமார் ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்கிறார்கள். கேட்பதற்கு ஒரு தனி அறைதான் இல்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் நீங்கள் எதற்குப் போனீர்கள் என்பது நீங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் லயத்துக்கு வந்துவிடும்.

இன்று இருக்கும் வழி இதுதான். நுவரெலியாவில் பால்வினை நோய்களுக்கான அரசு கிளினிக் இருக்கிறது. சோதனையும் மருந்தும் இலவசம். கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று இல்லை. தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்ற பயம் இருந்தால் 72 மணித்தியாலத்துக்குள் போனால் தடுப்பு மருந்து தொடங்கலாம்; பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியாக மற்றவருக்குத் தொற்றாது. மனசு சரியில்லை என்றால் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

இறம்பொடையிலிருந்து அந்தக் கிளினிக்குக்கு பஸ் ஏறினால், வளைந்து வளைந்து லபுக்கலை தாண்டி மேலே போக வேண்டும். கிளினிக் நடக்கும் நேரம் வேலை நேரம்தான். அன்றைக்குப் பேர் விழாது. ஏன் வரவில்லை என்று கணக்கப்பிள்ளை கேட்பார், கொழுந்து மடுவத்தில் நாலு பேர் கேட்பார்கள், வீட்டில் மாமியார் கேட்பார். கர்ப்பிணி கிளினிக்குக்குப் போகிறேன் என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். தொழிற்சங்கங்கள் அடுத்த முறை கம்பனிகளோடு மேசையில் உட்காரும்போது, வருஷத்துக்கு இரண்டு நாள், காரணம் கேட்காமல், முழுப் பேரோடு மருத்துவ லீவு என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி எங்கள் டிவிஷன் தலைவிமாரிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் தோட்டத்திலும் கேளுங்கள்.